மெட்டி போட்ட அரக்கன்

மனைவி நடந்து வரும் சத்தம் கேட்டால் நடராசன் முதலில் மேலே பார்ப்பான். வீட்டுக்குள் இருந்தால் கூரையைப் பார்ப்பான். தெருவில் நின்றால் வானத்தைப் பார்ப்பான். மேலே ஒன்றும் இல்லை என்று உறுதியான பிறகுதான் கண்ணை இறக்கி, அவள் வரும் பக்கம் திரும்பி, "வந்துட்டியா நீலா?" என்று கேட்பான். சாப்பிடும் நேரமாக இருந்தால் உருட்டிய சோறு கையிலேயே நிற்கும். ஒரு தடவை சவரம் செய்கிறவர் கத்தியைக் கன்னத்தில் வைத்திருந்தபோது நீலாவதி அந்த வழியாகப் போக, இவன் சட்டென்று நிமிர, காதோரம் ஒரு வெட்டு விழுந்தது. அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

தெருக்காரர்கள் இதற்குப் பல காரணம் சொல்வார்கள். கழுத்து நரம்பு பிசகிவிட்டது என்பார்கள். கோலாரில் சுரங்கத்துக்குள் வேலை செய்தவன், மேலிருந்து கல் விழுமோ என்று பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டது என்பார்கள். அவன் சுரங்கத்துக்குள் இறங்கியதே இல்லை. வெளியே ஒரு மெஸ்ஸில் தட்டு கழுவினான். சரியான காரணம் நீலாவதிக்குத் தெரியும். அதைச் சொல்வதானால் அவளுடைய காலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

நீலாவதிக்குக் கால் பெரிசு. கருவேப்பிலங்குறிச்சியில் அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்துத் தலையை ஆட்டுவார்கள். அவள் காப்பித் தட்டோடு நடந்து வரும்போது காலைப் பார்த்துவிட்டு, "வூட்டுல கலந்து பேசிட்டுச் சொல்றோம்" என்பார்கள். பேசப் போனவர்கள் யாரும் திரும்பி வந்ததில்லை. நடராசன் கூச்சக்காரன். குனிந்த தலையோடு வந்து குனிந்த தலையோடு உட்கார்ந்தான். அதனால் அவன் முதலில் பார்த்ததே காலைத்தான். பார்த்துவிட்டுச் சரி என்றான்.

கல்யாணத்தன்று அவள் காலை அம்மிமேல் வைத்து மெட்டி போடும்போது மெட்டி ஏறவில்லை. பெண் வீட்டார் வெட்கப்பட்டு ஆசாரியிடம் அளவைக் குறைத்துச் சொல்லியிருந்தார்கள். நடராசன் தள்ளிப் பார்த்தான், திருகிப் பார்த்தான். நாதஸ்வரக்காரர் இரண்டு தடவை வாசித்து முடித்துவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார். கடைசியில் மெட்டியைப் பல்லில் கடித்து விரித்து விரலில் ஏற்றினான். பிறகு குனிந்து, விரலோடு சேர்த்துப் பல்லாலேயே நெரித்து மூடினான்.

"மாப்பிள்ளைக்குப் பசிடோய்!" என்று பந்தலில் ஒரு குரல் எழுந்தது. கூட்டம் சிரித்து அடங்க நெடுநேரம் ஆனது.

மேலே பார்த்தால் நல்ல மெட்டி. விரலுக்கு அடியில் மட்டும் இரண்டு முனையும் சேராமல், ஒன்று மடிந்த நாய்க்காது மாதிரி கோணிக்கொண்டு நின்றது. நடக்கும்போது லேசாகக் குத்தும். நீலாவதி அதைச் சரி செய்யச் சொல்லவில்லை.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றாகத் தொடங்கிய காலம் அது. சக்கரபாணி முதலாளியின் கூடத்தில் கரண்டு கம்பத்துக்கு வைக்கும் இன்சுலேட்டரும், திருவிழாவில் விற்கும் பொம்மைகளும் செய்தார்கள். நடராசன் அங்கே சூளை எரித்தான். நீலாவதி மண் மிதித்தாள். நெய்வேலியிலிருந்து லாரியில் வரும் வெள்ளைக் களிமண்ணைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் விட்டு அவள் மிதித்தால் அரை நாளில் வெண்ணெயாகிவிடும். கூட வேலை செய்த கமலம், "உனக்கு ரெண்டு காலு இல்லடி, ரெண்டு மிஷினு" என்பாள்.

அறுபத்து நாலில் ஒரு நாள் மத்தியானம் நடராசன் சாப்பிட்டுவிட்டுச் சூளைப் பக்கத்தில் கண் அயர்ந்தான். சூடு ஏறிப் போனது. சூளை ஆறிய பிறகு திறந்து பார்த்தால், உள்ளே அடுக்கியிருந்த ராணிப் பொம்மைகள் அத்தனையும் கழுத்து இளகித் தலையைக் குனிந்துகொண்டு நின்றன. ஒன்றுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. அவ்வளவு பேரும் சேர்ந்து தனக்காக வெட்கப்படுவது போல நடராசனுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வந்தான். துண்டைத் தேடினான். நீலாவதி எடுத்துக் கொடுத்தாள். அதைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனவன் திரும்பவில்லை.

சக்கரபாணி அந்தப் பொம்மைகளை மாசி மகத்தில் கோயில் வாசலில் பரப்பி, 'வணக்கம் சொல்லும் ராணி' என்று கூவி விற்றார். ஒரே நாளில் தீர்ந்தது. அடுத்த வருஷம் ஜனங்கள் வந்து, "குனிஞ்ச ராணி இல்லையா?" என்று கேட்டார்கள். அந்த மாதிரி குனிய வைக்க யாருக்கும் கைவரவில்லை. கைவந்தவன் ஓடிப்போயிருந்தான்.

நடராசனின் அண்ணன் சாமிதுரை ஜங்ஷன் பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். தம்பி போன புதிதில் அவரும் நெய்வேலி, பண்ருட்டி, கடலூர் என்று தேடி அலைந்தார். ஐந்து வருஷம் போனதும் அலுத்துவிட்டது. அவருடைய மகளுக்கு வரன் அமையவில்லை. ஜோசியர் கட்டத்தைப் பார்த்து, குடும்பத்தில் செத்தவனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்யாமல் வைத்திருக்கிறீர்கள், அதுதான் தடை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து சாமிதுரையின் மனசில் தம்பி செத்துப் போனான்.

"ஏம்மா நீலா, எத்தனை நாளைக்குத்தான் இப்படியே? நல்ல நாள் பார்த்துக் காரியத்தை முடிச்சுடுவோம். தாலியையும் மெட்டியையும் கழட்டிடு. அவன் ஆத்மாவும் சாந்தி அடையும், என் பொண்ணுக்கும் வழி பொறக்கும்."

"அவரு சாகலிங்க மாமா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அதற்கான பதிலை நீலாவதி மண் தொட்டியில் கமலத்திடம்தான் சொன்னாள். "அந்த ஆளு சாகணும்னாகூட 'நீலா, துண்டு எங்க?'ன்னு கேக்காம சாகத் தெரியாதுக்கா. எங்கிட்ட இன்னும் கேக்கல."

மெட்டி கழன்றால் அவன் செத்தவன். காலில் இருக்கும்வரை அவன் எங்கேயோ இருக்கிறான். இவ்வளவுதான் அவள் கணக்கு. சாமிதுரையோ ஒவ்வொரு அமாவாசைக்கும் முதல் நாள் வந்து வாசலில் நின்று செருமிவிட்டுப் போவார்.

எழுபதாம் வருஷம் தை மாசத்தில் மெட்ராஸ் சினிமாக் கம்பெனியிலிருந்து அர்ச்சுனன் என்பவர் வந்தார். மந்திரம், மாயம், பறக்கும் கம்பளம் என்று எடுக்கும் படங்களில் ட்ரிக் சீன் செய்கிறவர். முழங்கால் உயரத்தில் பீங்கானில் ஒரு நகரம் வேண்டும் என்றார். அரண்மனை, கோபுரங்கள், மதில், சின்னச் சின்ன வீடுகள். படம் வரைந்து கொடுத்தார். "ஒரே ஒரு தடவை எடுக்கிற சீன். சொதப்பிடாதீங்க" என்று சக்கரபாணியிடம் அழுத்திச் சொல்லிவிட்டுப் போனார்.

சக்கரபாணி சொதப்பவில்லை. பொம்மைக்குப் போடும் மண்ணை ஒதுக்கிவிட்டு இன்சுலேட்டர் மண்ணிலேயே நகரத்தை வார்த்தார். இன்சுலேட்டருக்குக் கொடுக்கும் சூட்டிலேயே சுட்டார். அரண்மனை மாடத்தைக் கையில் எடுத்து விரலால் சுண்டினால் வெண்கல மணி மாதிரி சத்தம் வந்தது.

சித்திரையில் மணிமுத்தாறு வறண்டு கிடந்தபோது படக்காரர்கள் வந்து இறங்கினார்கள். மணல்மேல் நகரத்தை அடுக்கினார்கள். அர்ச்சுனன் மணலில் குப்புறப் படுத்து, தாடையைத் தரையில் வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "எல்லாரும் இப்படிப் பாருங்க. ரெண்டு கண்ணு இருந்தாத்தான் பெரிசு, சிறிசு தெரியும். கேமராவுக்கு ஒரே கண்ணு. அது எதைச் சொன்னாலும் நம்பிடும்."

தொழிற்கூடத்தில் இருந்த அத்தனை பேரும் மணலில் படுத்து ஒரு கண்ணை மூடினார்கள். நீலாவதியும் படுத்தாள். கோபுரம் வானம்வரை எழும்பி நின்றது. மதிலுக்குப் பின்னால் மேகம் போனது. ஊற்றுத் தண்ணீர் எடுக்க வந்த பெண்கள், பீங்கான் கம்பெனி ஆட்களுக்கு ஏதோ விஷக்காற்று அடித்துவிட்டது என்று குடத்தைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

முதலில் நகரத்தை மட்டும் தூரத்திலிருந்து படம் பிடித்தார்கள். பிறகு அரக்கன் வந்தான். பச்சமுத்து என்ற பயில்வான். உடம்பெல்லாம் கரி பூசி, எருமைக் கொம்பு வைத்து, தோளில் இடிக்கும் மீசை ஒட்டியிருந்தார்கள். நல்ல மனுஷன். வந்ததும் எல்லாருக்கும் கும்பிடு போட்டார். அரண்மனை முன்னால் போய் நின்று, எவ்வளவு உயரம் காலைத் தூக்க வேண்டியிருக்கும் என்று பார்க்க ஒரு எத்து எத்தினார்.

'ணங்' என்று ஆற்றின் அக்கரைவரை கேட்டது.

அரண்மனை இருந்த இடத்திலேயே இருந்தது. அரக்கன் ஒற்றைக் காலில் குதித்து, "எம்மா! எம்மா!" என்று அலறி, மணலில் உட்கார்ந்து, கொம்பைப் பிடித்துக்கொண்டு அழுதான். சக்கரபாணி ஓடினார். பயில்வானைத் தாண்டி ஓடி அரண்மனையைத் தடவிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"ஒரு கீறல் இல்ல பாருங்க சார்!"

அர்ச்சுனன் தலையில் கை வைத்தார். "யோவ், அது உடையணும்யா!"

"உடையணுமா?"

"பின்ன? அரக்கன் ஊருக்குள்ள பூந்தா சௌக்கியமான்னு விசாரிச்சுட்டா போவான்?"

"அதை முன்னாடியே சொல்லக் கூடாதா சார்?"

"அரக்கன் படம்னு சொன்னேனே!"

"சொன்னீங்க. ஆனா பீங்கான் வாங்க வர்றவன் எவனும் உடைக்கறதுக்குன்னு வாங்க மாட்டான் சார். எங்க ஊர்ல போயி யாரை வேணும்னாலும் கேளுங்க."

நின்றவர்கள் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நீலாவதிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பயில்வானைக் கொம்போடும் மீசையோடும் மாட்டு வண்டியில் ஏற்றிக் கம்மாபுரத்தில் எலும்புக் கட்டுப் போடுகிறவரிடம் கொண்டுபோனார்கள். கட்டுப் போடுகிறவர் கதவைத் திறக்க மறுத்தது தனிக் கதை. பெருவிரல் முறிந்திருந்தது.

நகரத்துக்கு வழி சுலபமாகக் கிடைத்தது. அச்சு இருந்தது, மண் இருந்தது. மறுபடி வார்த்து, வெயிலில் காயவைத்து, சுடாமலே கொண்டுவந்தால் தொட்டாலே பொலபொலவென்று உதிரும். சூளையில் சுட்டால் மண் சுருங்கும், சுடாதது சுருங்காது. அதனால் இரண்டாவது நகரம் முதல் நகரத்தைவிட ஒரு சுற்றுப் பெரிசாக இருந்தது. படத்தில் கூர்ந்து பார்த்தால் அரக்கன் வருவதற்கு முன் ஊர் ஒரு அளவு, அவன் வந்த பிறகு ஒரு அளவு. பயத்தில் ஊர் வீங்கிவிட்டது போலிருக்கும்.

காலுக்குத்தான் வழி இல்லை. பயில்வான் மிச்சக் காட்சியில் உட்கார்ந்தபடி கர்ஜித்துவிடலாம். ஆனால் ஊரை மிதிக்க ஒரு கால் வேண்டும். சூளை எரிக்கிறவர்களின் காலெல்லாம் சூட்டுத் தழும்பு. மற்றவர்களுக்குப் பித்தவெடிப்பு. கணக்குப்பிள்ளை ஆசையாகச் செருப்பைக் கழற்றிக் காட்டினார். அது குழந்தைக் கால்.

அர்ச்சுனன் யோசித்தபடி தொழிற்கூடத்துக்குள் நடந்தவர் மண் தொட்டி ஓரத்தில் நின்றார். ஈரக் களிமண்ணில் ஒரு பாதம் பதிந்திருந்தது. வேட்டைக்காரன் புலித்தடத்தைப் பார்ப்பது போல மண்டியிட்டுப் பார்த்தார்.

"இது யாரு காலு?"

கமலம்தான் வாயைப் பொத்திச் சிரித்தபடி, "நம்ம நீலாவோடதுங்க" என்றாள்.

வெள்ளைக் களிமண்ணிலேயே கிடந்த கால்; ஒரு வெடிப்பு இல்லை, ஒரு தழும்பு இல்லை. அர்ச்சுனன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். "இது அரக்கன் காலும்மா!" என்றார் மனசாரப் பாராட்டும் குரலில். நீலாவதிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பெண் பார்க்க வந்த யாரும் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

அன்று முதல் அவள் மண் மிதிக்கக் கூடாது என்று சக்கரபாணி உத்தரவு போட்டார். கால் கெட்டுவிடுமாம். ஒரு முக்காலிமேல் காலைத் தூக்கி வைத்து உட்கார வைத்தார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து குழந்தைகளைக் கூட்டிவந்து, "சோறு தின்னலன்னா இந்தக் காலு வந்து மிதிக்கும்" என்று காட்டினார்கள். கமலம் போகும்போதும் வரும்போதும் அந்தக் காலைத் தொட்டுக் கும்பிட்டு, "அரக்கரே, எங்க வூட்டுக்காரர கொஞ்சம் மிதிச்சுட்டுப் போங்க" என்பாள்.

இரண்டாவது நகரம் ஆற்றுமணலில் எழும்பிய நாளில் அர்ச்சுனன் சொன்னார்: "மெட்டியக் கழட்டிடும்மா."

"மாட்டங்க."

"அரக்கன்மா! ஆம்பளை! மீசை வச்சவன்!"

"மெட்டியோட வேணும்னா காலு வருங்க. மெட்டி இல்லாம காலு வராதுங்க."

நீலாவதி அவ்வளவு பேசி யாரும் கேட்டதில்லை. கூட்டத்தில் நின்ற சாமிதுரை, இதற்காகவே காத்திருந்தவர் போல முன்னால் வந்தார். கையில் சைக்கிள் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பி வெட்டும் குறடு.

"நான் சொல்றேன் கேளும்மா. இதுவும் ஒரு சந்தர்ப்பந்தான். சினிமாவுக்குன்னு கழட்டினா நாலு பேரு தப்பாப் பேச மாட்டாங்க. கழட்டினதைத் திரும்பப் போடாம வுட்டுடு. எல்லாருக்கும் நிம்மதி."

நீலாவதி காலை மடக்கிப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள். "ஒங்க தம்பி வந்து கழட்டச் சொல்லட்டுங்க மாமா."

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. காய்ந்த நகரம் காற்றில் ஓரம் ஓரமாக உதிர ஆரம்பித்தது. அர்ச்சுனன் கையைப் பிசைந்தார். கடைசியில் பயில்வானுக்குப் பூசியது போலக் காலுக்கும் கரி பூசி, மெட்டிமேல் கருப்பு மையை அப்பி மறைத்துவிடலாம் என்றார். அப்பினார்கள்.

மணலில் ஆளுயரக் குழி வெட்டி, கேமராக்காரர் கேமராவோடு உள்ளே இறங்கி, அதை மேலே பார்க்க வைத்திருந்தார். குழிமேல் கனமான கண்ணாடிப் பலகை. நகரத்துக்குப் பக்கத்தில், காலை மட்டும் பிடிக்க, தரையோடு இன்னொரு கேமரா. நீலாவதி கண்ணாடிமேல் கால் வைத்தால், படம் பார்க்கிறவன் தலைமேல் வைத்த மாதிரி இருக்கும். கேமராவை வேகமாக ஓட்டினால் கால் மெதுவாக, பாரமாக இறங்கும் என்றார் அர்ச்சுனன். அது எப்படி என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை.

"சார், இந்தப் படம் எங்கெல்லாம் ஓடும்?" என்று கேட்டாள்.

"தமிழ் ஆளு எங்கெல்லாம் இருக்கானோ அங்கெல்லாம் ஓடும். பம்பாய், கோலார், கொழும்பு, சிங்கப்பூரு… ஏன்?"

"சும்மாதான் கேட்டங்க."

அவர் திரும்பியதும் நீலாவதி குனிந்தாள். விரலுக்கு அடியில் இருந்த மையை மட்டும் முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். மேலே கருப்பாகவே இருந்தது. அடியில், கோணிய இடம் பளபளத்தது.

முதல் தடவை அவள் கண்ணாடியில் கால் வைத்தபோது, "அரக்கன் கோயிலுக்குள்ள வர்ற மாதிரி இருக்கு. கோவம் வேணும்மா" என்றார் அர்ச்சுனன். இரண்டாவது தடவையும் அப்படியே. "உனக்கு யாரு மேலயுமே கோவம் இல்லையா?"

நீலாவதி யோசித்தாள். "வூட்டுக்காரர் மேலதாங்க."

"எங்க இருக்காரு?"

"தெரியலிங்க."

"இந்தக் கண்ணாடிக்கு அடியில இருக்காருன்னு நெனைச்சுக்க."

அவள் நினைத்துக்கொண்டாள். ஆறு வருஷம். ஒரு வார்த்தை இல்லை. தோளில் துண்டு, அதுவும் அவள் எடுத்துக் கொடுத்த துண்டு. காலைத் தூக்கினாள். பெரிய கண்ணாடிப் பலகை 'படீர்' என்று குறுக்கே விரிசல் விட்டது. குழிக்குள் கேமராக்காரர், "ஐயோ கொல்றாங்களே!" என்று கத்தினார். நீலாவதி நிற்கவில்லை. அதே வேகத்தில் நடந்து நகரத்துக்குள் போனாள். கோபுரம் போனது, மதில் போனது, அரண்மனை மாவாகி எழும்பி அவளை மூடியது. "பக்கத்து கேமராவ நிறுத்தாதே!" என்று அர்ச்சுனன் கூவுவது மட்டும் கேட்டது.

புழுதி அடங்கிய பிறகு பார்த்தால் ஊரே இல்லை. நீலாவதி நடுவில் வெள்ளையாக நின்று மூச்சு வாங்கினாள்.

சாமிதுரை குறடோடு மறுபடி வந்தார். "அதான் முடிஞ்சுதே."

"யோவ், கிட்ட வராதே!" என்று அர்ச்சுனன் பாய்ந்தார். "மறுபடி எடுக்க வேண்டி வந்தா? இந்தக் காலு படம் வெளிய வர்ற வரைக்கும் கம்பெனிக் காலு. ஒரு நகம்கூட வெட்டக் கூடாது. மெட்டியத் தொட்டே, கம்பெனி உன்மேல கேஸ் போடும்."

சாமிதுரை போலீஸுக்குக்கூடப் பயப்பட மாட்டார். சினிமாக் கம்பெனிக்குப் பயந்தார். குறடை இடுப்பில் செருகிக்கொண்டு, "படம் எப்ப வரும்?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு வருஷமும் அமாவாசைக்கு முதல் நாள் அவர் வாசலுக்கு வரவில்லை.

மெட்ராஸில் படத்தைக் கழுவிப் பார்த்தபோதுதான் அர்ச்சுனனுக்கு விஷயம் தெரிந்தது. பிரம்மாண்டமான பாதம் வானத்தை மறைத்துக்கொண்டு இறங்குகிறது. இரண்டாவது விரலுக்கு அடியில் வெள்ளி மெட்டி மின்னுகிறது. கண்ணாடி விரிசல் வானம் பிளந்தது போல அற்புதமாக விழுந்திருந்ததால் வெட்டவும் மனசு வரவில்லை. பயில்வானை ஒரு சிம்மாசனத்தில் உட்கார வைத்து, "என் தேவி பிரிந்தபோது அவள் மெட்டியை நான் அணிந்தேன்! அவளைக் காணும்வரை கழற்ற மாட்டேன்!" என்று கர்ஜிக்க வைத்துச் சேர்த்தார்கள். கர்ஜிக்கும்போது அவர் கால் விரலில் கட்டு தெரியும்.

எழுபத்தொன்றில், ஆனி மாசம் படம் வெளிவந்தது. விருத்தாசலத்தில் மூன்று நாள் ஓடியது. தொழிற்கூடமே போய்ப் பார்த்தது. பாதம் இறங்கியபோது, "நீலாக்கோவ்!" என்று தரை டிக்கெட்டிலிருந்து கத்தினார்கள். நீலாவதி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். கோணல் தெளிவாகத் தெரிந்தது. அது போதும் அவளுக்கு.

தியேட்டர் வாசலிலேயே சாமிதுரை நின்றிருந்தார். "படம் வந்தாச்சு, பார்த்தாச்சு. வர்ற ஆடி அமாவாசைம்மா. இனிமே நான் பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது."

அந்த நாட்களில் ரயில் சத்தம் கேட்டால் மட்டும் நீலாவதி மிதிப்பதை நிறுத்துவாள். ரயில் போன பிறகு கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு மறுபடி மிதிப்பாள். எந்த ரயிலிலும் யாரும் வரவில்லை.

ஆடி அமாவாசை விடிந்தது. ஆற்றங்கரையில் சாமிதுரை மொட்டை அடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே புரோகிதர், எள்ளு, தண்ணீர், பிண்டம். பக்கத்தில் வாழையிலைமேல் கம்பி வெட்டும் குறடு, ஏதோ பூஜைச் சாமான் மாதிரி. சுற்றிலும் உறவுக்காரர்கள் குந்தியிருந்தார்கள். கமலம் நீலாவதியின் கையைப் பிடித்து அழைத்துவந்தாள்.

மணலில் அவள் கால் விழும் சத்தம், சரக் சரக் என்று, எல்லாருக்கும் கேட்டது. யாரும் திரும்பவில்லை. உறவுக்காரர்களுக்குப் பின்னால், துணிப்பையை மடியில் வைத்துக் குந்தியிருந்த ஒரு தாடிக்கார ஆள் மட்டும் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டு சட்டென்று வானத்தைப் பார்த்தான்.

வானத்தில் ஒன்றும் இல்லை. ஒரு கொக்கு போனது.

பிறகு மெதுவாகத் திரும்பினான். முகமெல்லாம் வேர்வை. அவளைப் பார்த்தான், காலைப் பார்த்தான். உதடு கோணியது.

"நீலா," என்றான் நடராசன். "துண்டு எங்க?"

கமலம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நீலாவதி முந்தானையை நீட்டினாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

முதலில் வாய் திறந்தவர் சாமிதுரைதான். "அடப்பாவி! எப்ப வந்த?"

"காலை ரயிலுக்கு அண்ணே. வூட்டுக்கு வர்ற வழியில இங்க கூட்டத்தப் பார்த்தேன்."

"வந்து இங்கயே உக்காந்துக்கிட்டு இருந்தியா? என் தலைய வழிக்கும்போதாவது வாயைத் தொறந்து சொல்லக் கூடாதா?"

"யாருக்குன்னு பக்கத்துல கேட்டேன். நடராசனுக்குன்னாங்க. நடக்கற காரியத்துல குறுக்க பேசறது மரியாதையில்லன்னு…"

"என் மயிர இப்ப எவன் தருவான்?" என்று சாமிதுரை அழுதார். கோபத்தில் அழுதாரா சந்தோஷத்தில் அழுதாரா என்று யாராலும் பிரிக்க முடியவில்லை. தம்பியை ஒரு அறை அறைந்துவிட்டுக் கட்டிக்கொண்டார்.

புரோகிதர் கையில் பிண்டத்தோடு, "இதை என்ன பண்றது?" என்று கேட்டார். பாதியில் விட்டால் பெண்ணின் கல்யாணம் தடைப்படுமே என்று சாமிதுரைக்குப் பயம். கடைசியில் அதைத் தாத்தாவின் பெயருக்கு மாற்றி முடித்தார்கள். எள்ளுத் தண்ணீர் விடும்போது நடராசனும் கை நீட்டினான்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவன் சொன்னான். கோலாரில் கொட்டகையில் படம் போட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தான். மேலேயிருந்து பாதம் இறங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள். "நான் அந்தக் கோணலைப் பார்த்தேன் நீலா. நான் கடிச்ச கோணல். அது நேரா என் தலைக்குத்தான் வந்துச்சு. கொட்டகையை வுட்டு ஓடினவன் ரயிலடிலதான் நின்னேன். கையில காசு இல்ல. மெஸ்ஸுல கணக்கு முடிச்சு வாங்க இத்தனை நாளாச்சு."

நீலாவதி அந்தக் குனிந்த ராணிகள் ஒரே நாளில் விற்றுப் போனதைச் சொன்னாள். இன்னும் ஜனங்கள் கேட்டு வருவதையும் சொன்னாள்.

நடராசன் நடுத்தெருவில் நின்றுவிட்டான். "அப்ப நான் எதுக்குப் போனேன்?"

"அதைத்தான் நானும் ஏழு வருஷமா கேக்கறேன்" என்றாள் அவள்.

சாமிதுரையின் மகளுக்கு அந்தத் தையிலேயே பக்கத்து மங்களூரில் வரன் அமைந்தது. ஜோசியர் அதைத் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார். சக்கரபாணி தன் கூடத்து வாசலில் 'அரக்கன் உதைத்தும் உடையாத பீங்கான்' என்று பலகை எழுதி வைத்தார். பச்சமுத்து பயில்வான் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்தவர் அதைப் படித்துவிட்டு நொண்டிக்கொண்டே போனார்.

உடையாத நகரம் இப்போது பல வீடுகளில் இருக்கிறது. மதில் துண்டுகளைச் சாக்கடை ஓரத்தில் பதித்திருக்கிறார்கள். கோபுரம் ஒன்று சைக்கிள் கடையில் கதவுக்கு முட்டுக்கொடுத்து நிற்கிறது. அரண்மனை நீலாவதி வீட்டுக் கொல்லையில் கோழிக்கூண்டாக இருக்கிறது. நடராசன் சூளைப் பக்கம் போவதில்லை. வைக்கோல் வைத்துப் பெட்டியில் பொம்மை அடுக்குகிறான். நீலாவதி மண் மிதிக்கிறாள். மெட்டி மாற்றவில்லை, அடியில் இன்னும் குத்துகிறது.